தோற்றம், மறைவு

புது மாடல் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது என்று உலகத்துக்கெல்லாம் அறிவித்து முடித்த பிறகு, கம்ப்யூட்டருக்கான பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப்போய் விலை கொடுத்து வாங்கியவள் சிப்பித்துறை சலேத்து ஒருத்தியாகத்தான் இருக்கும். கடற்கரை ஊர்களில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துத் திரிகிற ஆல்வின் அவளுக்குச் சித்தி மகன். அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

“எக்கா, ஒரே ஒரு மாசம் பொறுங்க. புதுசு வந்து எறங்குன அன்னைக்கே பழசெல்லாம் பாதி வெலைக்கு விழுந்துரும். விக்கிறவன் அது தெரிஞ்சுதான் இப்பவே தள்ளி விடப் பாக்கான். அவன் கண்ணுக்கு நீங்கதானா கெடச்சிய?”

“பொறுத்தது போதும் ஆல்வின்,” என்றாள் சலேத்து.

அவள் கார்டைப் பற்றித்தான் சொன்னாள். இருந்தாலும் ஆல்வின் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பொறுப்பது என்ற சொல்லை சலேத்திடம் எடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று கரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நாளில், கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று தனியாகவே பைபர் படகைத் தள்ளிக்கொண்டு போன அவள் புருஷன் இஞ்ஞாசி திரும்பி வரவில்லை. படகு வரவில்லை, பலகை வரவில்லை, வலையின் மிதப்புக்கட்டை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. கரைக்கு வந்து சேர்கிற உடம்பை நடுவீட்டில் வைத்து அழுவதற்கு அந்த ஊருக்குத் தெரியும். வராத உடம்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஊர் அவளைப் பொறு என்றது, பங்குச்சாமி பொறு என்றார், அலுவலகங்களில் பொறுங்கம்மா என்றார்கள், அவளும் தாலியைக் கழற்றாமல் தலையில் பூவும் வைக்காமல் பொறுத்தாள், பொறுத்துப் பொறுத்து அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பிழைக்க வேண்டுமே. கையில் ஒரு பெண் குழந்தை, பிரின்சி. சலேத்து தூத்துக்குடியில் போய் கம்ப்யூட்டர் படித்தாள், சந்தியாகப்பர் கோயிலுக்கு எதிரே ஒரு சின்னக் கடையைப் பிடித்தாள், பின்கட்டில் பிளெக்ஸ் அடிக்கிற மிஷின் ஒன்றைப் போட்டாள். சுற்றுவட்டாரத்துக் கலியாணம், புதுநன்மை, திருவிழா எல்லாவற்றுக்கும் பேனர் அவள் கடையில்தான். ஆனாலும் அதிகம் அடித்தது கண்ணீர் அஞ்சலிதான். இறந்தவரின் நல்ல படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள், பெரும்பாலும் யாரோ ஒருவரின் கலியாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நிற்கிறவர்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஆளை மட்டும் தனியாக எடுத்து, நீல வானத்தின் முன்னால் நிறுத்தி, காலடியில் ஒரு நிழல் கொடுப்பாள். நிழல் கொடுக்காவிட்டால் ஆள் அந்தரத்தில் தொங்குவார். கொடுத்தால்தான் தரையில் நிற்பார். பிறகு கீழே இரண்டு சொற்கள். இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. பிறந்த தேதியும் இறந்த தேதியும். சூரியனுக்குச் சொல்கிற அதே சொற்களை மனிதனுக்கும் சொல்லிவைத்த யாரோ ஒருவரைப் பற்றி அவள் அதுவரை யோசித்ததில்லை.

திருநெல்வேலியில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்த பையன் அந்தக் கார்டை அட்டைப்பெட்டியோடு எடுத்துக் கொடுத்தான். புது மாடலுக்கு முன்பதிவு செய்துவிட்டேன், அதனால்தான் கொடுக்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னான். பெட்டியைத் திறந்து முகர்ந்தபோது எரிந்த வாடை எதுவும் இல்லை. வெயிலில் காய்ந்த துணியின் வாசனைதான் வந்தது. ஆல்வின் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே அதை மாட்டிக் கொடுத்தான். கார்டின் கதை அவ்வளவுதான். அது ஏன் அப்படி இருந்தது என்று சிப்பித்துறையில் யாரும் கேட்டதில்லை, அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் கார்டில் அடித்த முதல் பேனர் பெர்ட்டினின் கலியாணத்துக்கு. கோட்டுப் போட்ட மாப்பிள்ளையின் காலடியில் சலேத்து கொடுத்த நிழல் காலையில் மேற்கே நீண்டு கிடந்தது, வெயில் ஏற ஏறச் சுருங்கி மத்தியானம் பூட்சுக்குள் போனது, சாயங்காலம் கிழக்கே எட்டிப் பெண் வீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் மேல் படுத்துக்கொண்டது. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், புது மிஷின் போலிருக்கிறது என்றார்கள், இலை போட்டாயிற்றா என்று கேட்டார்கள். கலியாணம் முடிந்தும் அந்தப் பேனரை யாரும் கழற்றவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த சூசை, மாப்பிள்ளையின் நிழல் பூட்சுக்குள் போனதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போக ஆரம்பித்தான். பெர்ட்டின் புதுப்பெண்டாட்டியோடு அந்த வழியே போகும்போதெல்லாம், “லேய் பெர்ட்டினு, ஒன்னாலதாம்ல நான் நேரத்துக்குச் சோறு திங்கேன்,” என்பான்.

அடுத்ததாகக் கஸ்பார் இறந்தார். நல்ல சாவு, நிறைந்த வயசு. பேனர் கட்டிய அன்று மூத்த மகன் வேகமாகக் கடைக்குள் வந்தான்.

“என்ன வேலை பாத்திருக்கிய? எங்கய்யா அந்தரத்துல நிக்காவ. கலியாணத்துக்கு மட்டும் நெழல், சாவுக்குக் கெடயாதா?”

சலேத்துக்கும் புரியவில்லை. மறுபடியும் கஸ்பாரைத் திரையில் எடுத்து நிறுத்தி நிழல் கொடுத்தாள். விழவில்லை. அடர்த்தியைக் கூட்டினாள், திசையை மாற்றினாள். பக்கத்தில் மகனின் படத்தை வைத்துக் கொடுத்தாள். மகனுக்கு விழுந்தது, தகப்பனுக்கு விழவில்லை. மகன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிதான், இனிமே அவியளுக்கு எதுக்கு நெழலு,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்று கோயிலில் மாலை மணி அடித்து, தெருவில் விளக்கு வைத்த பிறகும் சலேத்து வீட்டுக்குப் போகவில்லை. வழக்கமாக அந்த மணிச் சத்தம் கேட்டதும் கடையைப் பூட்டிவிடுகிறவள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இஞ்ஞாசியின் படத்தை எடுத்தாள். திருவிழாவுக்குச் சப்பரம் தூக்கப் போகிறபோது எடுத்தது. வேட்டியை மடித்துக் கட்டி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி வாயைத் திறந்து நிற்பான். அவனைத் தனியாக வெட்டி எடுத்தாள். ஓரங்களை அவ்வளவு பதமாக அவள் யாருக்கும் வெட்டியதில்லை. பிறகு சந்தியாகப்பரை நினைத்துக்கொண்டு நிழல் கொடுத்தாள்.

விழவில்லை.

அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். திசையை மாற்றவில்லை, அடர்த்தியைக் கூட்டவில்லை. படத்தை மூடினாள், கடையைப் பூட்டினாள், வீட்டுக்குப் போய்ப் பிரின்சிக்கு இட்லி அவித்துக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழ வேண்டும், அழுதால் ஊர் கூடும், ஊர் கூடினால் அது முடிந்துபோகும். ஆகவே அவள் இஞ்ஞாசியைத் தன் நெஞ்சுக்குள்ளேயே புதைத்துவிட்டு, மேலே ஆள் நடமாட்டம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டாள். அந்தத் துக்கம் பொல்லாதது, அதற்குப் பந்தலும் இல்லை, கூட உட்கார ஆளும் இல்லை.

ஊரோ கார்டின் போக்கைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. நிழல் இருந்தால் ஆள் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. இறந்தவருக்கு நிழல் கேட்டுச் சண்டைக்கு வருவது நின்றது. நிழலோடு கண்ணீர் அஞ்சலி கட்டுகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்து, என்ன மரியாதை கெட்ட சனம் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். வடக்குத்தெரு மிக்கேலுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, மகன்கள் முந்திக்கொண்டு பேனருக்குப் படம் கொடுத்தார்கள். திரையில் மிக்கேலின் காலடியில் கன்னங்கரேலென்று நிழல் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். மிக்கேல் எழுந்து நடமாடி, விஷயம் கேள்விப்பட்டு, அந்தப் பேனரைத் தானே அடித்து வாங்கிக்கொண்டு போய் மகன்கள் சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாட்டினார். பங்குச்சாமியிடம் இதெல்லாம் சரியா என்று கேட்டதற்கு, மேலிடத்திலிருந்து இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மீன்காரி பிரகாசிதான் அடுத்ததைக் கண்டுபிடித்தாள். அவள் மகன் ரோஸ்டன் கப்பலில் வேலை பார்த்தான். மகனின் படத்தை ஆளுயரத்துக்கு அடித்துக் கோயில் மதில் ஓரமாகக் கட்டிவைத்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு நாளெல்லாம் அதையே பார்த்திருந்தாள். இங்கே நிழல் காலடிக்குள் போன நேரத்தில் அவன் நிழல் இன்னும் மேற்கே நீண்டு கிடந்தது. இங்கே வெயில் தாழ்ந்தபோது அவனுக்கு உச்சி வந்தது. அது அவன் இருக்கிற ஊரின் வெயில் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. “இப்பதான் அவனுக்கு மத்தியானம், சாப்பிட்டுருப்பான், இப்ப போன் போட்டா எடுப்பான்,” என்று சொல்லிப் போனைப் போட்டாள், அவனும் எடுத்தான். அதற்குப் பிறகு மஸ்கட்டில் இருப்பவன், குவைத்தில் இருப்பவன், பெயர் தெரியாத துறைமுகங்களில் இருப்பவன் எல்லோரையும் தாய்மார்கள் கொண்டுவந்து கோயில் மதிலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவன் காலடியிலும் ஒவ்வொரு பக்கமாக நிழல். காலைப் பூசை முடிந்து வருகிற பெண்கள் மதில் ஓரமாகவே நடந்து, என் பிள்ளைக்கு இன்னும் விடியவில்லை, உன் பிள்ளைக்கு இப்போதுதான் விடிகிறது என்று பேசிக்கொண்டு போவார்கள். பொழுது அடைந்ததும் நிழல்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு யாருக்குத்தான் நிழல் இருக்கிறது.

இதற்கிடையே புது மாடலும் வந்தது. ஆல்வின் சொன்னபடியே பழைய கார்டின் விலை சரிந்தது. அவன் சும்மா இருக்காமல் அதை வந்து சொல்லிவிட்டும் போனான். ஐப்பசி பிறந்தபோது பழைய கார்டின் காற்றாடி கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

“இதுக்கு ஆயுசு முடிஞ்சிட்டுக்கா. புதுசு ஒண்ணு சொல்லிருதேன். அதுல பாருங்க, நெழல் நீங்க சொன்ன பக்கம் விழும். விழுன்னா விழும், வேண்டாம்னா வேண்டாம்.”

“சொல்லு,” என்றாள் சலேத்து. அவளுக்கு அந்தக் கார்டின் மேல் ஒரு வெறுப்பு இருந்தது. ஊருக்கெல்லாம் பிள்ளைகளைக் காட்டிய கார்டு அவளுக்கு மட்டும் கையை விரித்துவிட்டதே.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்று எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் கல்லறைகளை வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி வைப்பார்கள். ஆறு வருஷமாக சலேத்தும் பிரின்சியும் ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே எங்கே போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். இந்த வருஷம் பிரின்சி கேட்டாள்: “யம்மா, நாம இத கொளுத்தணுமா, கொளுத்தக் கூடாதா?” பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு.

மறுநாள் இஞ்ஞாசியின் அண்ணன் தொம்மை கடைக்கு வந்தார். தம்பி போன நாளிலிருந்து கறி மீன் எதையும் வாயில் வைக்காத மனுஷன். ஸ்டூலில் உட்கார்ந்து வெகு நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

“ஏ பிள்ள, நான் உன்னய நெருக்கல. ஆனா அவனுக்கு ஒரு பூச வச்சு, சட்டையையாவது பெட்டியில வச்சு அடக்கி, ஒரு குருச நட்டா, அந்தப் பிள்ள போய் நிக்கதுக்கு ஒரு எடம் இருக்கும்லா? நீ ஊருக்கெல்லாம் படம் போட்டுப் பாக்க. அவன் படத்த மட்டும் ஏன் போட மாட்டேங்க?”

“போட்டேன் பெரியத்தான்.”

தொம்மை நிமிர்ந்தார்.

“வைகாசிலயே போட்டேன். நெழல் விழல.”

தொம்மைக்கு வாய் கோணியது. இத்தனை மாதம் இந்தப் பெண் இதை வைத்துக்கொண்டா கடை திறந்தாள், மூடினாள், சிரித்தாள் என்று அவருக்குத் தாங்கவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சலேத்து அவர் தோளைத் தொட்டாள்; அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. எதிர்க்கடையில் சூசை அடுப்பை அணைத்தான். உச்சி வேளை ஆகியிருக்கவில்லை, ஆனாலும் அணைத்தான்.

அதன் பிறகு எல்லாம் ஊர் பார்த்துக்கொண்டது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் முதல் பூசையில் அடக்கம் என்று முடிவாயிற்று. தச்சர் பெட்டி செய்தார். அதில் இஞ்ஞாசியின் கட்டம் போட்ட சட்டையையும், சப்பரம் தூக்கிய வேட்டியையும், அவன் வலை பின்னுகிற ஊசியையும் வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். பேனர் மட்டும் பாக்கி இருந்தது. வேறு யாரையாவது அடிக்கச் சொல்லலாம் என்றார் தொம்மை. சலேத்து ஒத்துக்கொள்ளவில்லை, ஊரில் எல்லோரையும் வழியனுப்பிய கை, தன் புருஷனை இன்னொருத்தரிடம் கொடுக்குமா.

பகலெல்லாம் துக்கத்துக்கு வருகிறவர்கள். மாலை மணி அடித்து ஆட்கள் கலைந்த பிறகுதான் அவளால் கடைக்கு வர முடிந்தது. காற்றாடி கீச்சென்று கத்தியது. இஞ்ஞாசியை நீல வானத்தின் முன் நிறுத்தினாள். பழக்க தோஷத்தில் நிழல் கொடுத்தாள், விழவில்லை, விழாது என்று தெரிந்துதானே இருந்தாள். தோற்றம் என்று அடித்து அவன் பிறந்த தேதியைப் போட்டாள். மறைவு என்று அடித்துவிட்டு, அவன் படகைத் தள்ளிக்கொண்டு போன தேதியைப் போட்டாள். இந்தக் கார்டில் இதுதான் கடைசி வேலை என்று நினைத்துக்கொண்டாள். மிஷின் இழுத்து இழுத்து அவனைத் தலையிலிருந்து கால்வரை அடித்து வெளியே தள்ளியது. தொம்மையும் இரண்டு பேரும் வந்து சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அதிகாலை முதல் மணி அடித்தபோது நன்றாக இருட்டாக இருந்தது. கோயில் வாசலில் ஒரு டியூப்லைட் மட்டும் எரிந்தது. மதில் ஓரத்தில் மஸ்கட்டும் குவைத்தும் நிழலில்லாமல் நின்றன. கடலுக்குப் போகிறவர்கள் அன்று போகவில்லை. துக்கத்துக்காகப் படகுகளை ஏற்றி வைத்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். காலிப் பெட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நான்கு பேருக்கு அதில் கனமே இல்லை, ஆனாலும் கனமாகத் தூக்குவது போலவே நடந்தார்கள். சலேத்து பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். சாமி கறுப்பு மேலாடை போட்டு வாசலுக்கு இறங்கி வந்தார். கோயில் உபதேசியார் துக்க மணியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியின் தலையசைப்புக்காக நின்றார்.

பேனர் வாசலின் வலது பக்கம் கட்டியிருந்தது. பிரகாசி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கும்பிடத்தான் நின்றாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கும்பிடவில்லை. குனிந்தாள். கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். நிழல் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கண் அவளுக்கு.

“ஏட்டி சலேத்து,” என்றாள். திரும்பிப் பார்த்து மறுபடி கூப்பிட்டாள். “ஏட்டி சலேத்து, இங்க வாட்டி. ஒம் மாப்ளைக்கி விடிஞ்சிட்டு.”

சலேத்து வந்தாள். இஞ்ஞாசி வேட்டியை மடித்துக் கட்டி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி வாயைத் திறந்து நின்றான். அவன் பாதத்திலிருந்து புறப்பட்டு, நீல வானத்தின் கீழ் விளிம்பு வரைக்கும், மேற்குப் பக்கமாக, மெலிந்து நீண்டு ஒரு நிழல் கிடந்தது. அது அதிகாலை வெயிலின் நிழல். சிப்பித்துறையில் கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அந்த வெயில் நிழல் ஆல்வினுக்கு இல்லை, சாமிக்கு இல்லை, மதிலில் நின்ற ஒருவனுக்கும் நிழல் இல்லை. செத்தவன் என்று யாருக்குப் பெட்டி செய்தார்களோ அவனுக்கு மட்டும் நிழல் இருந்தது.

“கெழக்கே இருக்கான்,” என்று படகுக்காரச் சம்மாட்டி ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். “கச்சான் அடிச்சுக் கெழக்கே கொண்டு போயிட்டு. ரொம்ப கெழக்கே.”

அப்போதுதான் சலேத்துக்கு உறைத்தது. வைகாசியில் அவள் படம் போட்ட அன்றைக்கு மாலை மணி அடித்திருந்தது. தெருவில் விளக்கு வைத்திருந்தது. இங்கே இருட்டினால் கிழக்கே இருக்கிறவனுக்கு அதற்கும் முன்னாலேயே இருட்டியிருக்கும். அந்த நேரத்தில் ஆல்வின் படத்தைப் போட்டிருந்தாலும் நிழல் விழுந்திருக்காது, பிரின்சி படத்தைப் போட்டிருந்தாலும் விழுந்திருக்காது, அவளுடைய படத்தையே போட்டிருந்தாலும் விழுந்திருக்காது. ஊருக்கெல்லாம் தெரிந்த சின்ன விஷயம். உயிரோடு இருக்கிற மனுஷனை, தூங்கப் போன மனுஷனை, விளக்கு வைத்த நேரத்தில் எழுப்பிப் பார்த்துவிட்டுச் செத்தான் என்று புதைத்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பகலில் கேட்டிருக்கலாமே. தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். பிரின்சி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாவி மனுஷா, எங்க போய் ஒளிஞ்சிருக்க?” என்று சலேத்து பேனரைப் பார்த்துக் கத்தினாள். ஆறு வருஷத்தில் அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. செத்தவர்களை யாரும் திட்டுவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கண் நிறைந்தது.

உபதேசியாரின் கை கயிற்றில் அப்படியே இருந்தது. சாமி அவளைப் பார்த்தார். என்ன பூசை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இதற்கும் சுற்றறிக்கை கிடையாது.

“கொஞ்சம் பொறுங்க சாமி,” என்றாள் சலேத்து.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தொம்மையிடம் மீன் வெட்டுகிற சின்னக் கத்தி வாங்கி, பேனரின் கீழே வலது பக்கம் இருந்த தேதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் விழுந்து, அதன் வழியே பின்னாலிருந்த கடல் இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. தோற்றம், மறைவு என்ற இரண்டு சொற்களையும் அவள் தொடவில்லை. அவை இருக்கட்டும் என்றாள்.

சாமி உள்ளே போய்க் கறுப்பு மேலாடையைக் கழற்றிவிட்டு வெள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்த சட்டையையும் வேட்டியையும் தொம்மை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போட்டார். வெட்டின குழியில் ஊர்க்காரர்கள் ஒரு வேப்பங்கன்றை வைத்தார்கள். எந்தக் கரை, எந்தத் தீவு, ஜெயிலா, யாராவது வைத்து வேலை வாங்குகிறார்களா, இல்லை அவனாகவே இருந்துவிட்டானா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சலேத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தொம்மை அன்றைக்கே அலுவலகங்களுக்கு நடக்க ஆரம்பித்தார். நிழலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அங்கே சொன்னார்கள். எடுத்துக்கொள்ளும்வரை வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆல்வின் புதுக் கார்டோடு வந்தபோது சலேத்து அவனைத் திருப்பி அனுப்பினாள். “நான் அன்னைக்கு ஒன் பேச்சக் கேட்டுப் பொறுத்திருந்தா, இதுலதான அவிய படம் போட்டிருப்பேன். சொன்ன பக்கம் நெழல் விழுந்திருக்கும். எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது,” என்றாள். ஆல்வின் உட்கார்ந்து, பழைய கார்டின் காற்றாடியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டான்.

அடக்கம் நின்ற அன்று சாயங்காலம், சிப்பித்துறையில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, இஞ்ஞாசியின் நிழல் கிழக்கே நீண்டு, மெலிந்து, போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சைக் குறைத்தார்கள். “அப்பாவுக்குப் பொழுது அடஞ்சிட்டு,” என்றாள் சலேத்து. பிரின்சி கல்லறைத் திருநாளுக்கென்று கையில் வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமல் திரும்பி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் முதல் மணிக்கும் முன்னாலேயே யாரும் எழுப்பாமல் பிரின்சி எழுந்தாள். அம்மா ஏற்கெனவே வாசலில் நின்றாள். இருவரும் இருட்டில் நடந்து போய்ப் பேனரின் முன்னால் நின்றார்கள். வெட்டின சதுரத்தின் வழியே கடல்காற்று வந்தது. இஞ்ஞாசியின் காலடியில் ஒன்றும் இல்லை. பிரின்சிக்குப் பயமாக இருந்தது.

“யம்மா, இன்னும் வரலயே.”

“பொறு,” என்றாள் சலேத்து. “இப்ப விடிஞ்சிரும்.”